மூக்குக் குழாய் வழி உணவு – வீட்டில் கவனிக்க வேண்டியவை

நம் சங்கத்துக் குடும்பங்களில் ஊரில் தனியாக இருக்கும் பெற்றோரை இங்கேயே அழைத்து வந்து வைத்துக்கொள்வது இப்போது அதிகமாகி விட்டது. அதனோடு சேர்ந்து வரும் கேள்விகளும் அதிகமாகி விட்டன. "பெரியவருக்கு மூக்கில் குழாய் போட்டிருக்கிறார்கள், நாளை டிஸ்சார்ஜ் என்கிறார்கள், வீட்டில் எப்படிச் சமாளிப்பது?" என்று கடந்த இரண்டு ஆண்டுகளில் நான்கு குடும்பத்தார் என்னிடம் கேட்டு விட்டனர். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று ஆசிரியர் குழுவினர் கேட்டதால் இக்கட்டுரை.

நான் மருத்துவன் அல்லன். சிவில் டிப்ளமா படித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2021-ல் என் தாயாருக்கு, அப்போது அவருக்கு வயது எண்பத்தாறு, பக்கவாதம் வந்து பதினோரு வாரம் நாகபுரியில் எங்கள் வீட்டில் குழாய் வழியாகத்தான் உணவு கொடுத்தோம். அப்போது மருத்துவரும் நர்ஸும் சொல்லிக் கொடுத்தவற்றையும், பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் எழுதுகிறேன். உங்கள் நோயாளிக்கு அவருடைய மருத்துவர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

முதலில் குழாய் எதற்கு என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் தொண்டை ஒரு கிராஸிங். மூச்சு போகும் பாதையும் உணவு போகும் பாதையும் அங்கே ஒன்றையொன்று கடக்கின்றன. நாம் விழுங்கும்போது மூச்சுக் குழலின் வாய் தானாக மூடிக்கொள்கிறது. உணவு பின்பக்கப் பாதையில் இறங்குகிறது. ஒரு நொடிக்குள் நடந்து முடியும் இந்த வேலைக்கு மூளையிலிருந்து சிக்னல் வர வேண்டும். பக்கவாதத்தில் அந்த சிக்னல் கெட்டுப் போனால் தண்ணீரும் கஞ்சியும் நுரையீரல் பக்கம் போய் விடும். அதனால் வரும் நிமோனியாதான் இந்த நோயாளிகளை அதிகமாகக் கொண்டு போவது. வயதானவர்களுக்கு இருமல் பலவீனமாக இருப்பதால், உள்ளே போனது வெளியே தெரியாமலே போகலாம்.

மருந்துக் கடையில் 'ரைல்ஸ் டியூப்' என்று கேட்டால் கொடுப்பார்கள். ஜான் ரைல் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1921-ல் வயிற்று அமிலத்தைப் பரிசோதிப்பதற்காகக் கொண்டு வந்த குழாய் இது. இப்போது அவர் பெயரில் உணவுக் குழாயாக நிலைத்து விட்டது. சுமார் 105 சென்டிமீட்டர் நீளம். மேலே 14, 16 என்று ஓர் எண் இருக்கும். அது 'பிரெஞ்சு' அளவு. மூன்றால் வகுத்தால் குழாயின் வெளி விட்டம் மில்லிமீட்டரில் வரும். 14 என்றால் நாலே முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு சிறிய வழியில்தான் ஒருவருடைய முழு நாள் உணவும், தண்ணீரும், மருந்தும் போக வேண்டும். குழாயின் மேல் 50, 60, 70 சென்டிமீட்டரில் கோடுகள் இருக்கும். போடும்போது மூக்கு நுனியிலிருந்து காது மடல் வரையும், அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ் நுனி வரையும் அளந்து, அந்த நீளத்துக்கு உள்ளே விடுகிறார்கள்.

குழாய் போடுவது நர்ஸின் வேலை அல்லது மருத்துவரின் வேலை. அதில் வீட்டார் கை வைக்கக் கூடாது. போட்ட குழாயில் உணவு கொடுப்பதை வீட்டார் கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஏஜென்ஸிக்காரர்கள் 'சிஸ்டர் அனுப்புகிறோம்' என்பார்கள். வருகிறவர் மூன்று ஆண்டு ஜி.என்.எம். அல்லது நான்கு ஆண்டு பி.எஸ்ஸி. நர்ஸிங் படித்து மாநில நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்தவரா, இரண்டு ஆண்டு ஏ.என்.எம். படித்தவரா, அல்லது சில மாதப் பயிற்சி பெற்ற அட்டெண்டண்டா என்று கேட்டு, பதிவுச் சான்றிதழைப் பார்த்து விடுங்கள். அட்டெண்டண்டைக் குறைவாகச் சொல்லவில்லை. என் தாயாரைப் புரட்டிப் படுக்க வைத்து, குளிப்பாட்டி, ஒரு படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டது ஓர் அட்டெண்டண்ட் பெண்தான். ஆனால் எந்த வேலைக்கு யார் என்பது முதல் நாளே தீர்மானமாகி இருக்க வேண்டும். எங்கள் ஏற்பாடு இப்படி இருந்தது: பகல் முழுவதும் அட்டெண்டண்ட், வாரம் இரு முறை பதிவு பெற்ற நர்ஸ், உணவு கொடுப்பது நானும் என் மனைவியும்.

அந்தப் பெண் மராத்தியும் இந்தியும் பேசுவாள். என் தாயாருக்குத் தமிழ் தவிர வேறு தெரியாது. அதுவும் பக்கவாதத்துக்குப் பின் குழறலாகத்தான் வந்தது. வெளியூரில் வாழும் நமக்கு இது சாதாரண விஷயமாகத் தோன்றும். ஆனால் உணவு இறங்கிக்கொண்டிருக்கும்போது "குமட்டுது" என்று நோயாளி சொல்வது கொடுப்பவருக்குப் புரியாவிட்டால், அடுத்த நிமிடம் வாந்தி வந்து மூச்சில் ஏறி விடும். என் மனைவி ஏழு சொற்களைத் தேவநாகரியில் பெரிதாக எழுதிக் கட்டிலுக்கு எதிரே ஒட்டினாள்: போதும், குமட்டுது, மூச்சு முட்டுது, வலிக்குது, தண்ணி, தூக்கு, இறக்கு. முதல் மூன்றில் எதைக் கேட்டாலும் கையிலிருக்கும் ஸிரிஞ்சைக் கீழே இறக்கி, குழாயை மடக்கிப் பிடிக்க வேண்டும் என்பது விதி. பேச முடியாத நோயாளிக்குக் கை தூக்குவது, கட்டிலைத் தட்டுவது என்று ஏதாவது ஓர் அடையாளத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தண்டவாள வேலையில் 'பிளாக்' கிடைக்காமல், அதாவது அந்தப் பாதையில் வண்டி வராது என்று ஸ்டேஷனிலிருந்து உறுதி வராமல், ஒரு போல்ட்டைக் கூடக் கழற்ற மாட்டோம். குழாய் உணவிலும் அப்படித்தான். குழாயின் நுனி வயிற்றில்தான் இருக்கிறது என்று உறுதியாகாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் கூட விடக் கூடாது. இருமல், தும்மல், வாந்தி, இரவில் நோயாளி இழுத்து விடுவது ஆகியவற்றால் நேற்று இருந்த இடத்தில் குழாய் இன்று இல்லாமல் போகலாம்.

எப்படித் தெரிந்துகொள்வது? குழாய் மூக்கிலிருந்து வெளிவரும் இடத்தில் அழியாத மையால் ஒரு கோடு போட்டு, வெளியே தொங்கும் நீளத்தையும் அளந்து நோட்டில் எழுதி வைத்தோம். ஒவ்வொரு வேளையும் முதலில் அதைப் பார்ப்போம். பிறகு டார்ச் அடித்து வாய்க்குள் குழாய் சுருண்டிருக்கிறதா என்று பார்ப்போம். அடுத்து ஸிரிஞ்சை மாட்டி மெதுவாக இழுத்து, வரும் திரவத்தில் ஒரு சொட்டை பி.எச். தாளில் விடுவோம். 5.5 அல்லது அதற்குக் கீழே காட்டினால் வயிற்று அமிலம் என்று பொருள், உணவு கொடுக்கலாம். திரவம் வராவிட்டால் நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கால் மணி நேரம் பொறுத்து மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும். பேண்டப்பிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கு எண் கூடுதலாகக் காட்டலாம் என்பதால், அவர்கள் விஷயத்தில் எந்த எண்ணை ஏற்பது என்று மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் எக்ஸ்ரே ஒன்றுதான் வழி.

நம் நாட்டில் இன்றும் பல இடங்களில் வயிற்றின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, ஸிரிஞ்சால் காற்றை அடித்து, 'புஸ்' என்று சத்தம் கேட்டால் சரி என்கிறார்கள். குழாய் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் வயிற்றுப் பக்கம் கேட்கக் கூடும். இதனால் உயிர்கள் போன பிறகு, பிரிட்டனில் 2005-லேயே இந்தச் சோதனையை நம்பக் கூடாது என்று அறிவிப்புக் கொடுத்து விட்டார்கள். குழாயின் நுனியைத் தண்ணீரில் வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் இதைப் போலத்தான். பி.எச். தாள் விலை அதிகமில்லை. பெரிய மருந்துக் கடையிலோ, ஆய்வுக்கூடப் பொருள் விற்கும் கடையிலோ கிடைக்கும். சாதாரண லிட்மஸ் காகிதம் இதற்கு உதவாது. அதில் அமிலமா இல்லையா என்று தெரியுமே தவிர எண் தெரியாது.

கொடுக்கும் முறை எளிது. தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். தலையணையை மட்டும் அடுக்கினால் கழுத்துத்தான் மடங்கும். முதுகோடு சேர்ந்து உயர வேண்டும். எங்களிடம் ஆஸ்பத்திரிக் கட்டில் வருவதற்கு முன் ஸ்பிரிட் லெவலும் கோண அளவியும் வைத்துப் பலகை போட்டேன், வீட்டில் சிரித்தார்கள். 50 மில்லி ஸிரிஞ்சின் உள்தண்டைக் கழற்றி விட்டு வெளிக்குழலை மட்டும் மாட்டி, முதலில் 30 மில்லி கொதித்து ஆறிய தண்ணீர், பிறகு உணவு, கடைசியில் மறுபடி 30 மில்லி தண்ணீர். தண்டை வைத்து அழுத்தித் தள்ளக் கூடாது. தானாக இறங்கட்டும். கையை உயர்த்தினால் வேகம், தாழ்த்தினால் நிதானம். 250 மில்லிக்கு இருபது நிமிடமாவது ஆக வேண்டும். முடிந்த பிறகும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் அதே சாய்வில் இருக்க வேண்டும். டயப்பர் மாற்றுவது, புரட்டுவது எல்லாம் உணவுக்கு முன்னால்தான். இழுத்துப் பார்க்கும்போது போன வேளை உணவு 200 மில்லிக்கு மேல் அப்படியே திரும்பி வந்தால் அந்த வேளையை நிறுத்தி மருத்துவரைக் கேளுங்கள்.

அடுத்தது கஞ்சிக் கணக்கு. நம் வீடுகளில் நோயாளி என்றால் கஞ்சி. குழாயில் அடைக்காமல் போக வேண்டும் என்பதற்காக அதை இன்னும் நீர்க்கக் காய்ச்சி, வேறு வடிகட்டுகிறோம். 250 மில்லி கஞ்சியில் 30 கிராம் அரிசி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 105 கலோரி. ஆறு வேளைக்கு 630. என் தாயாரின் எடை 50 கிலோ. ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஆக 1250 முதல் 1500 வரை. வயிறு நிறைகிறது, வேளை தவறாமல் கொடுக்கிறோம், நோட்டிலும் ஆறு டிக் இருக்கிறது. ஆனால் ஆள் பாதிப் பட்டினி. புரதம் இன்னும் மோசம். ஒரு நாளைக்கு 50 கிராமாவது வேண்டிய இடத்தில் இந்தக் கஞ்சியில் 13 கிராம் வந்தால் அதிகம். இரண்டு மாதத்தில் தோல் தொங்கி, முதுகில் புண் வந்து, "வயசாச்சு, உடம்பு ஏத்துக்கலை" என்கிறோம்.

நாகபுரியிலேயே ஓர் உணவு ஆலோசகர் எங்களுக்கு உதவினார். 200 மில்லி பால், 20 கிராம் முளைகட்டிய கேழ்வரகு மாவு, இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஒரு ஸ்பூன் எண்ணெய். நன்றாகக் கொதிக்க வைத்து மிக்ஸியில் அடித்து மெல்லிய துணியில் வடிகட்டினால், 250 மில்லிக்குள் ஏறக்குறைய 270 கலோரி. முளைகட்டிய மாவுக்கு ஒரு குணம் உண்டு. முளைக்கும் தானியத்தில் உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்து விடுவதால் கூழ் கெட்டியாகாமல் நீராகவே இருக்கும். அதே குழாயில் அதிகச் சத்தை அனுப்பலாம். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் குழந்தை உணவுக்காக இதை ஆராய்ந்திருக்கிறார்கள். நம் பாட்டிமார் ஆராய்ச்சி இல்லாமலே செய்தது. ஒரு நாளில் மூன்று வேளை இப்படியும், ஒரு வேளை பருப்பும் காய்கறியும் வேக வைத்து அரைத்தும், இரண்டு வேளை கடையில் கிடைக்கும் குழாய் உணவுப் பவுடரும் கொடுத்தோம். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது முற்றிலும் மாறும். பல நாள் சாப்பிடாமல் இருந்தவருக்கு முதல் நாளே முழு அளவு கொடுப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்புச் சத்துகள் திடீரென இறங்கும். மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும்.

காலையில் செய்ததை மாலை வரை மேடையில் வைத்திருக்காதீர்கள். அதுவும் நாகபுரி மே மாதத்தில்! இரு வேளைக்கு மேல் சேர்த்துச் செய்யாமல், உடனே ஃபிரிட்ஜில் வைத்து, வேண்டியதை மட்டும் வெளியில் எடுத்து அறைச் சூட்டுக்கு வந்ததும் கொடுத்தோம்.

மாத்திரைகள் விஷயத்தில் பலர் எல்லாவற்றையும் சேர்த்து அம்மியில் பொடிப்பது போலப் பொடித்து விடுகிறார்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.எல். என்று எழுத்து இருந்தால் அது பல மணி நேரம் சிறுகச் சிறுகக் கரையச் செய்யப்பட்ட மாத்திரை. பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் ஏறி விடும். அமிலத்தில் கரையாத மேல்பூச்சுள்ள மாத்திரைகளையும் பொடிக்கக் கூடாது. மருந்துச் சீட்டை எடுத்துப் போய், "குழாயில்தான் கொடுக்கிறோம்" என்று சொன்னால் மருத்துவர் திரவ மருந்தோ மாற்று மருந்தோ எழுதித் தருவார். பொடிக்கக் கூடியவற்றை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் கரைத்து, இடையில் 10, 15 மில்லி தண்ணீர் விட்டுக் கொடுக்க வேண்டும். வலிப்பு மருந்தான ஃபெனிடாயின், உணவோடு சேர்ந்தால் உடம்பில் சரியாகச் சேராது. முன்னும் பின்னும் எவ்வளவு இடைவெளி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசி போடும் ஸிரிஞ்சும் பல குழாய்களில் அப்படியே பொருந்தி விடும். கையில் சலைன் ஏறும் நோயாளிக்குப் பால் அந்தக் குழாயில் போய் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. தவறான ரூட்டுக்கு சிக்னலே கொடுக்க முடியாதபடி ரயில்வேயில் இன்டர்லாக்கிங் இருப்பது போல, உணவுக் குழாயின் மூட்டு வேறு எதிலும் பொருந்தாதபடி 2016-ல் ஐ.எஸ்.ஓ. 80369-3 என்று ஒரு தரநிலை வந்தது. கடையில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால், உணவு ஸிரிஞ்சுகளைத் தனி டப்பாவில் வைத்துச் சிவப்பு நாடா ஒட்டி விடுங்கள்.

வாயால் சாப்பிடாதவருக்கு வாய் கழுவ வேண்டுமா என்று கேட்பார்கள். அவருக்குத்தான் அதிகம் வேண்டும். மெல்லாத வாயில் உமிழ்நீர் குறைந்து கிருமி பெருகும். அந்த எச்சில் மூச்சில் இறங்கினாலும் நிமோனியாதான். குழாய் போட்டதால் நிமோனியா வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். தினம் இரண்டு முறையாவது மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தோம். மூக்கில் ஒட்டும் பிளாஸ்திரியையும் தினம் மாற்றி, குழாய் ஒரே இடத்தில் அழுத்திப் புண்ணாக்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஐந்தாவது வாரம் ஓர் இரவு, பதினொரு மணிக்கு, என் தாயார் குழாயை இழுத்து விட்டார். ஏஜென்ஸிக்குப் போன் செய்தோம். பேசியவர், அன்றிரவு தங்கியிருந்த அட்டெண்டண்டையே குழாயை மறுபடி உள்ளே தள்ளச் சொன்னார். நாங்கள் சம்மதிக்கவில்லை. ஓர் இரவு உணவில்லாமல் இருப்பதால் பெரிய கெடுதல் இல்லை. தவறான வழியில் போன குழாயில் உணவு கொடுத்தால் கெடுதல் உண்டு. காலையில் நர்ஸ் வந்து புதிய குழாய் போட்டு, பி.எச். பார்த்த பிறகே கொடுத்தோம். ஆனால் இன்சுலின் போட்டுக்கொள்ளும் நோயாளியாக இருந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. ஊசி போட்ட பின் உணவு போகாவிட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கி விடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உணவு கொடுக்கும்போது இருமல் விடாமல் வந்தாலும், மூச்சு வாங்கினாலும், உதடு நீலமானாலும் அப்படியே.

நான்கு முதல் ஆறு வாரத்துக்கு மேல் குழாய் தேவைப்படும் என்று தெரிந்தால், வயிற்றில் சிறு துளையிட்டு நேராகக் குழாய் வைக்கும் 'பெக்' முறையைப் பற்றி மருத்துவர் பேசுவார். 1979-ல் அமெரிக்காவில் கிளீவ்லண்டில் காடெரர், பான்ஸ்கி என்ற இரு மருத்துவர்கள் முதலில் ஒரு குழந்தைக்குச் செய்தார்கள். எண்டாஸ்கோப் வழியாகச் செய்வதால் பெரிய ஆபரேஷன் இல்லை. மூக்கு உறுத்தல் இல்லை, குழாய் அடிக்கடி நழுவுவதில்லை. என் தம்பி சென்னையிலிருந்து "வயிற்றில் ஓட்டையா?" என்று மிகவும் கலங்கினான். எங்கள் மருத்துவர், விழுங்கும் சக்தி திரும்பும் அறிகுறி இருப்பதால் இன்னும் சில வாரம் பார்க்கலாம் என்றார். அதனால் அந்த விவாதம் எங்கள் வீட்டில் முடியாமலே நின்று விட்டது.

எல்லாருக்கும் குழாய் சரியான வழி என்று நான் சொல்ல மாட்டேன். முற்றிய மறதி நோயில், ஆளையும் சோற்றையும் அடையாளம் தெரியாத நிலையில் உள்ளவர்களுக்குக் குழாய் போடுவதை அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-ல் பரிந்துரைக்க மறுத்து விட்டது. பொறுமையாகக் கையால் ஊட்டுவதை விட அதிக நாள் வாழ வைப்பதாகவோ, நிமோனியாவைத் தடுப்பதாகவோ குழாய் இல்லை என்பதும், குழாயை இழுக்காமலிருக்கக் கையைக் கட்டிப் போட வேண்டி வருகிறது என்பதும் காரணங்கள். நம் மக்களுக்கு இதை ஏற்பது கடினம். "அம்மாவைப் பட்டினி போட்டான்" என்று ஊரில் சொல்வார்களே என்ற பயம், அருகில் இருக்கும் பிள்ளையை விடத் தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு அதிகம். அப்படிப்பட்ட குடும்பத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் மருத்துவரிடம் பேசுவது நல்லது. போனில் ஆளுக்கொரு விதமாகக் கேட்டால் ஆளுக்கொரு பதில்தான் மனதில் நிற்கும்.

பக்கவாதத்தில் நிலைமை வேறு. பலருக்கு விழுங்கும் சக்தி முதல் சில வாரங்களிலேயே திரும்புகிறது. அதனால் போட்ட குழாயை அப்படியே விட்டு விடாமல், விழுங்கும் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்டை அழைத்து அவ்வப்போது பார்க்கச் சொல்ல வேண்டும். நாமாக "ஒரு வாய் காபி கொடுத்துப் பார்ப்போமே" என்று ஆரம்பிக்கக் கூடாது. தண்ணீர், காபி, ரசம் போன்ற நீர்த்தவைதான் வேகமாக ஓடி மூச்சில் ஏறும். தயிர் போல இளகிய கெட்டியாக இருப்பது எளிதாகச் சமாளிக்கக் கூடியது. எங்கள் வீட்டுக்கு வந்த தெரபிஸ்ட் எட்டாவது வாரம் தொடங்கி நாளுக்கு இரண்டு ஸ்பூன், நான்கு ஸ்பூன் என்று கடைந்த தயிரில் பழக்கினார். மீதி உணவு குழாயில் தொடர்ந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைச் சற்றுக் கீழே இறக்கி, ஒரு வாய் முழுவதும் இறங்கிய பிறகே அடுத்த வாய். பதினோராவது வாரம், வாயால் சாப்பிடுவதன் கலோரியை நான்கு நாள் தொடர்ந்து கணக்கெழுதி, ஆயிரத்தைத் தாண்டிய பிறகு நர்ஸ் குழாயை எடுத்தார். ரசம் சாப்பிட அதன் பிறகும் மூன்று வாரம் ஆயிற்று. அதுவும் குழைந்த சோற்றில் பிசைந்துதான்.